அன்னத்துக்குப் போட்ட ஓட்டு

உலகத்தின் முதல் தேர்தல் தகராறு எங்கள் திருவண்ணாமலையில்தான் நடந்தது. போட்டி: யார் பெரியவர்? வேட்பாளர்கள்: பிரம்மா, விஷ்ணு. தேர்தல் அதிகாரி சிவன். அவர் ஓட்டுப்பெட்டியெல்லாம் வைத்துக்கொண்டிருக்கவில்லை. நெருப்புத் தூணாக நின்று, "அடியையோ முடியையோ பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். விஷ்ணு பன்றியாகி மண்ணைக் குடைந்தார். முடியவில்லை, வந்து ஒப்புக்கொண்டார். பிரம்மா அன்னமாகிப் பறந்தார். அவராலும் முடியவில்லை. ஆனால் மேலிருந்து விழுந்துகொண்டிருந்த ஒரு தாழம்பூவைப் பிடித்து, "முடியைப் பார்த்தாயிற்று, இதோ சாட்சி" என்று அளந்தார். குட்டு உடைந்தது. பிரம்மாவுக்குக் கோயில் இல்லை, தாழம்பூவுக்கு சிவபூஜையில் இடமில்லை என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு கிடையாது.

கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது, பஸ் ஏறிப் போகிறது. அன்னம் வந்து எதைச் சொன்னாலும் ஒரு தரம் விசாரித்துக்கொள் என்ற தலபுராணச் செய்தியை மட்டும் மலையடிவாரத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறது. இல்லாவிட்டால், இதே கதையைச் சொல்லும் கந்தபுராணத்தைக் கரைத்துக் குடித்த யாழ்ப்பாணத்துக்காரர்கள் இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் மூன்று முறை அன்னச் சின்னத்தில் குத்தியிருப்பார்களா?

முதல் தடவை 2010. அன்னத்தின் மேல் உட்கார்ந்து வந்தவர் சரத் பொன்சேகா. முந்தைய ஆண்டு மே மாதம் முடிந்த உள்நாட்டுப் போரின் ராணுவத் தளபதி. எதிரே போரை நடத்திய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச. அடித்தவனுக்குப் போடுவதா, அடிக்கச் சொன்னவனுக்குப் போடுவதா என்பதுதான் தமிழர்களுக்குக் கிடைத்த ஜனநாயகம். யாழ்ப்பாணத்தில் முக்கால்வாசிப் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். போனவர்களில் பெரும்பாலோர் அன்னத்துக்குப் போட்டார்கள். மகிந்த ஜெயித்தார், பொன்சேகா சிறைக்குப் போனார்.

இரண்டாவது தடவைதான் விசேஷம். 2014 நவம்பரில் மகிந்தவுக்குப் பதவிக்காலம் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது. ஆனால் அவருடைய ஆஸ்தான ஜோதிடர் சுமணதாச அபேகுணவர்தன நல்ல நேரம் இதுதான் என்று கணித்துக் கொடுத்தார். நேரம் நல்லதுதான், யாருக்கு என்பதில் மட்டும் சின்னப் பிசகு. தேர்தல் அறிவித்த இரவு, மகிந்தவும் அவருடைய சுகாதார அமைச்சர் மைத்திரிபால சிறிசேனவும் ஒன்றாக உட்கார்ந்து ஆப்பம் சாப்பிட்டார்கள். மறுநாள் காலை சிறிசேன எழுந்து போய், எதிரணியின் பொது வேட்பாளர் நானே என்று அறிவித்தார். முந்தைய இரவு ஆப்பத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியிருப்பாரா என்பது இன்றுவரை என்னை அரிக்கிற கேள்வி. ஆப்பம் தின்றவர் ஆப்பு வைத்த கதை இலங்கை அரசியலில் நிரந்தர இடம் பிடித்தது.

தேர்தலுக்குச் சில நாள் முன்பு மகிந்த யாழ்ப்பாணம் வந்தார். தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பிசாசே மேல். நான் உங்களுக்குத் தெரிந்த பிசாசு, எனக்கே போடுங்கள் என்று பேசினார். உலகத் தேர்தல் வரலாற்றில் இவ்வளவு நேர்மையான பிரச்சாரம் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஓட்டுக் கேட்கிறவர்கள் அடுத்தவனைத்தான் பிசாசு என்பார்கள். ஜனங்களும் அந்த வாக்குமூலத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு தேவதைக்குப் போட்டார்கள்.

தேவதைக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்க்க வேண்டும். எதிர்க்கட்சித் தலைவர் ரணில், முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா, சிங்களக் கடும்போக்கு ஹெல உறுமய, முஸ்லிம் காங்கிரஸ், சம்பந்தனின் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு. ஒருவர் இலையில் ஒருவர் கை நனைக்காதவர்கள் எல்லாம் ஒரே பந்தியில். கூட்டமைப்பு தாழம்பூ வேலையை ஏற்றுக்கொண்டது: "இவர் நல்லவர், நாங்கள் சாட்சி." 2015 ஜனவரி 8 அன்று யாழ்ப்பாண மாவட்டம் 74.42, வன்னி 78.47, மட்டக்களப்பு 81.62 சதவீதம் அள்ளிக் கொடுத்தது. நாடு முழுக்க சிறிசேன 62,17,162 ஓட்டு. வித்தியாசம் நாலரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வடக்கும் கிழக்கும் இல்லாவிட்டால் அன்னம் தரையை விட்டு எழும்பியிருக்காது. மகிந்த விடிவதற்குள், தான் குடியிருந்த அலரி மாளிகையைக் காலி செய்தார். தோற்றிருந்தால் மகிந்த தன்னை ஆறடி மண்ணுக்குள் அனுப்பியிருப்பார் என்று சிறிசேன சொன்னார்.

ஆரம்பத்தில் அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்றே தோன்றியது. அரசியலமைப்பின் 19வது திருத்தம் வந்து ஜனாதிபதியின் அதிகாரத்தையும் பதவிக்காலத்தையும் வெட்டியது. 2016 சுதந்திர தினத்தில் தேசிய கீதம் தமிழிலும் ஒலித்தது. வயதானவர்கள் சிலர் அழுததாகப் படித்தேன், நம்புகிறேன். ராணுவம் பிடித்துவைத்த நிலத்தில் கொஞ்சம் திரும்பி வந்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் மட்டும் வரவில்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்பு தாய்மார்கள் உட்கார்ந்தார்கள். ஜூனில் ஜனாதிபதி அவர்களைச் சந்தித்து, போர் முடிவில் ராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பட்டியலை வெளியிடச் சொல்கிறேன் என்றார். பட்டியல் வரவில்லை. இந்த இடத்தில் எனக்குக் கேலி ஓடவில்லை. மேலே போகிறேன்.

ஒரே தவணைதான் இருப்பேன் என்று சத்தியம் செய்தவர், 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்திடம், "ஐந்து வருடமா, ஆறு வருடமா?" என்று சந்தேகம் கேட்டார். ஐந்து என்றது கோர்ட். செப்டம்பரில் விமானத்தில் கொடுத்த முந்திரிப்பருப்பை நாய்கூடத் தின்னாது என்று கொதித்தார். நாட்டில் அவர் முழு வீச்சில் விசாரணை நடத்திய விவகாரம் அந்த முந்திரிதான்.

2018 அக்டோபர் 26, வெள்ளிக்கிழமை மாலை. பிரதமர் ரணிலை நீக்கிவிட்டு, சிறிசேன புதுப் பிரதமருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். வந்தவர் யார்? ஆறடி மண்ணுக்குள் அனுப்பியிருப்பாரே, அவரேதான். தெரியாத தேவதை, தெரிந்த பிசாசைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மணையில் உட்காரவைத்தது. யாழ்ப்பாணத்தில் அன்று இரவு எத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள் என்பதற்குத் தேர்தல் ஆணையத்திடம் கணக்கில்லை.

அதற்குப் பிறகு ஏழு வாரம் நாட்டுக்கு இரண்டு பிரதமர். ரணில் பிரதமர் இல்லமான அலரி மாளிகையை விட்டு நகர மறுத்தார். நாடாளுமன்றத்தில் மிளகாய்த்தூள் பறந்தது, நாற்காலி பறந்தது. சபாநாயகர் போலீஸ் புடைசூழ உள்ளே வந்தார். சிறிசேன சபையைக் கலைத்தும் பார்த்தார். 225 எம்.பி.க்களும் கையெழுத்துப் போட்டாலும் ரணிலை நியமிக்க மாட்டேன் என்றார். டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக, கலைத்தது செல்லாது என்றார்கள். 16ஆம் தேதி அதே ரணிலுக்கு அதே சிறிசேன பிரமாணம் செய்துவைத்தார். இதில் கூட்டமைப்பின் 14 எம்.பி.க்கள் ரணிலுக்குத் தோள் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அவர்களுக்குச் சன்மானம் கிடைத்தது: சம்பந்தனிடமிருந்த எதிர்க்கட்சித் தலைவர் பதவி மகிந்தவுக்குப் போனது. தாழம்பூ எப்போதும் பூஜைக்கு வெளியேதான்.

2019இல் யாழ்ப்பாணம் மூன்றாவது முறையாக அன்னத்துக்கே போட்டது. இந்தத் தடவை சஜித் பிரேமதாசவுக்கு, 83.86 சதவீதம். ஆனால் தெற்கு தாமரை மொட்டுச் சின்னத்தில் விழுந்தது. மகிந்தவின் தம்பி கோட்டாபய ராஜபக்சவுக்கு 69,24,255 ஓட்டு. வரியைக் குறைத்தார், கஜானா காலி. ரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்தார், வயல் காலி. கொரோனாவுக்கு காளி சொன்ன மருந்து என்று ஒருவர் கொண்டுவந்த சிரப்பை சுகாதார அமைச்சர் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே கொரோனா. 2022 ஜூலை 9 அன்று ஜனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குதித்தது. கோட்டாபய மாலத்தீவு போய், சிங்கப்பூர் போய், அங்கிருந்து மின்னஞ்சலில் ராஜினாமா அனுப்பினார். அதற்குப் பிறகு கொழும்பில் அந்த 69 லட்சத்தில் ஒருவரைக் கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. எல்லோரும் அன்று உடம்பு சரியில்லாமல் வீட்டில் படுத்திருந்தவர்கள். வடக்கில் மட்டும் யாரும் மறைக்கவில்லை: எங்களுக்கு மற்ற எல்லாரிடமும் ஏமாந்து பழக்கம், இவரிடம் ஏமாறவில்லை!

எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்கள் இவை எல்லாவற்றையும் டிவியில் பார்த்தார்கள். அவர்களுக்கு அங்கேயும் ஓட்டுப் போட வழியில்லை, இங்கேயும் ஓட்டில்லை. வருத்தப்படும் உரிமைகூட இல்லாமல் வருத்தப்படுகிறவர்கள் அவர்கள்.

சிறிசேன என்ன ஆனார்? 2020இல் ராஜபக்சக்களின் தாமரை மொட்டுச் சின்னத்தில் பொலன்னறுவையில் நின்று எம்.பி. ஆனார். பிரம்மாவின் ஆசனம் தாமரைதானே, பொருத்தம்தான். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அவர் ஜனாதிபதியாக இருந்தபோது நடந்த 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பைத் தடுக்கத் தவறியதற்காக அவர் தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டவேண்டும் என்றது. அவ்வளவு பணம் என்னிடம் இல்லையே என்று கையை விரித்தார். பிறகு தவணை தவணையாகக் கட்டினார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2015இல் அன்னத்துக்குப் போட்டவர்கள் ஆளுக்கு 16 ரூபாய் கொடுத்திருந்தால் கிட்டத்தட்ட மொத்தக் கடனும் தீர்ந்திருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வசூலை ஆரம்பித்திருக்கலாம். ஓட்டையே கொடுத்தவர்கள், 16 ரூபாய் கொடுக்க மாட்டார்களா?