வட்டி பாதியானாலும் நிற்கும் முடிவு

2000ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் பொதுத்துறை வங்கிக் கிளைகளில் சாப்பாட்டு நேரத்துப் பேச்செல்லாம் வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வுத் திட்டம் பற்றித்தான். 15 வருட சர்வீஸ் அல்லது 40 வயது இருந்தால் விருப்ப ஓய்வு கேட்கலாம். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 60 நாள் சம்பளம், அல்லது ஓய்வுக்கு மீதியிருக்கும் மாதங்களின் சம்பளம், எது குறைவோ அது கிடைக்கும். எனக்கு 41 வயது, 19 வருட சர்வீஸ். 38 மாதச் சம்பளம் மொத்தமாக வரும். இன்னும் 19 வருடம் வாங்கக்கூடிய சம்பளம் போகும்.

கம்ப்யூட்டர் வந்தால் எங்களுக்கு வேலை இருக்காது, எங்காவது தூக்கி அடிப்பார்கள் என்ற பயம் பலருக்கு இருந்தது. மொத்தப் பணத்தை டெபாசிட்டில் போட்டு மாத வட்டியில் குடும்பம் நடத்தலாம் என்ற தைரியமும் இருந்தது. அப்போது வட்டி ஏறத்தாழ 10 சதவீதம். வீட்டில் மாமனார், "நிரந்தர உத்தியோகம், விடாதேம்மா" என்றார். தம்பியோ, "இப்படி ஒரு தொகை இனிமே வராதுக்கா" என்றான். இருவரும் என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள்.

எனக்கு வழி காட்டியது கடன் மேசை. கடன் கேட்டு வருகிறவர் கொடுக்கும் வரவுக் கணக்கை அப்படியே ஏற்க மாட்டோம். விற்பனை குறைந்தால் தவணை கட்ட முடியுமா என்று ஒரு முறை குறைத்துப் பார்ப்போம். அதே பரிசோதனையை எனக்கே செய்தேன். வட்டி பாதியானால்? இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அம்மாவின் வைத்தியமும் அந்த வருமானத்தில் நடக்காது.

அடுத்து, வட்டியே குறையாவிட்டாலும் போக விரும்புகிறேனா என்று கேட்டுக்கொண்டேன். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் வேலை அப்போதுதான் என் கைக்கு வந்திருந்தது. கையெழுத்துப் போடத் தயங்கியபடி வந்த பெண்கள் சில மாதங்களில் தங்கள் குழுவின் கணக்கைத் தாங்களே எழுதினார்கள். அதை விட்டுப் போக எனக்கு மனமில்லை. விண்ணப்பம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் பதில் சொல்வது சுலபமாக இருந்தது.

நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். 2003-04இல் டெபாசிட் வட்டி ஐந்தரை சதவீத அளவுக்கு இறங்கியது. வட்டியை மட்டும் நம்பிப் போனவர்கள் சிரமப்பட்டார்கள். விவசாயம், சொந்தத் தொழில், பாடம் சொல்லிக் கொடுப்பது என்று ஒரு வேலையைத் தேடிப் போனவர்களுக்கும் வருமானம் குறைந்தது. ஆனால் அவர்கள் வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை.

சமீபத்தில் தம்பி மகள் அதே இடத்தில் நின்றாள். சென்னையில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, 90 நாள் நோட்டீஸ். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. சம்பளம் குறைவு, மீதிக்குப் பங்குகள். எங்களுக்கு அன்று கிடைக்காத தகவலெல்லாம் அவளிடம் இருந்தது: சம்பள ஒப்பீடு, எக்செல் கணக்கு, முன்பின் தெரியாதவர்களின் அனுபவ வீடியோக்கள். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது.

"எது சரின்னு நீங்களே சொல்லுங்க அத்தை."

"அந்தப் பங்குக்கு மதிப்பே இல்லைன்னு வச்சுக்கோ. வர்ற சம்பளத்துல வாடகையும் வீட்டுக்கு அனுப்புறதும் போக மிஞ்சுமா?"

போட்டுப் பார்த்தாள். "கொஞ்சம் மிஞ்சும்."

"அப்பவும் போவியா?"

"போவேன் அத்தை. நான் எழுதுறதை ஒரு நர்ஸ் தினமும் கையில வச்சு வேலை பார்ப்பாங்க. இங்க நான் செய்யறது யாருக்குப் போகுதுன்னே தெரியலை."

அவள் வேலையை விட்டாள். நான் அன்று விடாமல் இருந்தேன். இரண்டும் துணிந்த முடிவுகள் என்றே நினைக்கிறேன். என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. எந்தத் தொகையை நம்பி முடிவெடுக்கிறோமோ அதை முதலில் குறைத்துப் பாருங்கள். அதன் பிறகும் குடும்பம் ஓடும், அந்த வேலையும் வேண்டும் என்று தோன்றினால், கையெழுத்துப் போட இன்னொருவரின் உத்தரவாதம் தேவையில்லை.