இடுக்குத்திணை: ஐந்நிலத்துள் அடங்காத ஒரு நிலத்துக்கு இலக்கணம்

நூல் நுதலியது

நிலத்தை ஐந்தாகப் பகுத்த நம் முன்னோர், பனிமலையில் கிடந்த செடியை ஒருவன் சமவெளிக்குக் கொண்டுவந்து, அதன் மனம் கோணாதிருக்கத் தன் வீட்டுக் கொல்லையில் மலை கட்டுவான் என்று எதிர்பார்க்கவில்லை. அது அவர்கள் குற்றமன்று. எனினும் குறை குறையே. அதை நிரப்ப எழுந்தது இவ்வாய்வு.

குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் பாலை ஆகும் என்பர். குறிஞ்சியைப் பெயர்த்து மருதத்தில் நட்டு, அது சாகாதபடி இரவும் பகலும் காவல் இருந்தால் வருவது இடுக்கு. இடுக்கும் இடுக்கு சார்ந்த இடமும் இத்திணைக்கு நிலம் என்க. இந்நிலம் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் செக் நாட்டிலும் மிகுதி.

எமது கருதுகோள் ஒன்றே: கல்லிடுக்கில் மலைச்செடி வளர்க்கும் இடுக்குத் தோட்டம் என்பது வறுமையைப் பெரும் பொருட்செலவில் உண்டாக்கி, அது குறைந்துவிடாமல் பராமரிக்கும் கலை.

முதலும் உரியும்

நிலம் கூறினோம். இனிப் பொழுது. ஆல்ப்ஸ் மலையில் மரங்கள் நின்றுபோகும் எல்லைக்கு மேலே குளிர்காலம் கொடியது. ஆனால் செடிக்கு அது கவலையற்ற காலம். பனி மூடிக்கொள்ளும், உள்ளே பூஜ்யம் டிகிரியை ஒட்டிய நிலையான குளிர், காற்று புகாது, நீர் சொட்டாது. கோடையில் பனி உருகி வேரடியில் ஓடிக்கொண்டே இருக்கும், தேங்காது. இங்கிலாந்தின் சமவெளியிலோ குளிர்காலம் முழுக்கத் தூறல். மண் நசநசக்கும், வெயில் தலைகாட்டாது. பனிப்புயலுக்கு அஞ்சாத செடி இந்தத் தூறலில் கழுத்தழுகிப் போகும். உறைந்து சாவதில்லை, நனைந்து சாகிறது.

ஆதலால் இத்திணையின் உரிப்பொருள் அழுகலும் அழுகல் நிமித்தமும் எனக் கொள்க. நெய்தலுக்குரிய இரங்கல் இங்கு தோட்டக்காரரிடம் மயங்கி வரும்.

கருப்பொருள்

உணா: கூர்மணலும் சரளையும். எரு விலக்கப்பட்டது. மா: ஓடில்லா நத்தை, ஓராண்டு வளர்ச்சியை ஓரிரவில் உண்ணும். பறை: செடிக்கு மேல் மழைக்காலத்தில் சாய்த்துவைத்த கண்ணாடியில் தூறல் விழும் ஓசை. தொழில்: குனிதல்.

பூ பலவகை. சைலீன் அகாலிஸ் நிலத்தோடு ஒட்டிய பச்சை மெத்தையாகக் கிடந்து, காற்றுக்குத் தப்பி, உள்ளே வெப்பத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டு, நூறாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. மேலே விரலளவு, கீழே நீண்ட ஆணிவேர். எரிட்ரிக்கியம் நானம் நீலப்பூ பூக்கும். ‘ஆல்ப்ஸின் அரசன்’ என்ற பட்டமுடையது. சமவெளியில் எவ்வளவு வணங்கினாலும் பெரும்பாலும் ஆட்சியைத் துறந்துவிடும். எடல்வைஸ் எட்டாத உச்சியின் மலர் என்று புகழ் பெற்றது. விதைத்தால் எளிதில் வந்துவிடும் என்பதால் புலமையுடையோர் அதை மதிப்பதில்லை.

தெய்வம்: ரெஜினால்ட் ஃபேரர் (1880–1920). யார்க்ஷயர்க்காரர். 1919இல் வெளிவந்த ‘தி இங்கிலிஷ் ராக் கார்டன்’ இத்திணைக்கு முதல்நூல். விதையைத் துப்பாக்கியில் அடைத்துப் பாறை முகத்தில் சுட்டு விதைத்தார் என்பது செவிவழிச் செய்தி. இலங்கைப் பயணத்தின்போது பௌத்தம் தழுவியவர். ஆசையே துன்பத்துக்கு வேர் என்று ஏற்றுக்கொண்ட பின்னும், செடிமேல் கொண்ட ஆசை அவரை 1914இல் சீனாவின் கான்சுவுக்கும் 1919இல் மேல் பர்மாவுக்கும் இழுத்துப்போனது. மறு ஆண்டு அங்கேயே மாண்டார். உரிப்பொருளுக்கு இதனினும் தக்க சான்று இல்லை.

முன்னோர் முயற்சி

லண்டனின் செல்சி மூலிகைத் தோட்டத்தில் 1773இல் கல்தோட்டம் அமைத்தார்கள். ஜோசப் பேங்க்ஸ் ஐஸ்லாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த எரிமலைக் கல்லோடு, லண்டன் கோபுரத்தின் பழங்கற்களும் அதில் சேர்ந்தன.

ஹென்லியில் சர் ஃபிராங்க் கிரிஸ்ப் என்ற வழக்கறிஞர் ஆயிரக்கணக்கான டன் கல்லை இறக்கி, மேட்டர்ஹார்ன் சிகரத்தின் குட்டி நகலை எழுப்பி, உச்சிப் பனிக்கு அலபாஸ்டர் கல் வைத்தார். இத்தகைய தோட்டங்களைப் பழித்து ஃபேரர் ஒரு முன்னுரை எழுதினார். அது 1914இல் வந்த, ஈ. ஏ. பௌல்ஸ் என்ற தோட்டக்காரரின் நூலுக்கு எழுதிய முன்னுரை. கிரிஸ்ப் திருப்பி அடித்தார், ஆனால் அடி பௌல்ஸ்மேல் விழுந்தது. அவரைத் தாக்கிய துண்டறிக்கையை எலன் வில்மட் என்ற தோட்டக்கலை அறிஞர் செல்சி மலர்க்காட்சியில் வந்தவர்களுக்கெல்லாம் விநியோகித்தார். கல்லுக்கிடையில் செடி எப்படி நிற்க வேண்டும் என்பதில் மனிதர்கள் இப்படி மோதிக்கொண்டிருந்த வேளையில் செடிகள் வழக்கம்போல் அழுகிக்கொண்டிருந்தன.

விடை செக் நாட்டிலிருந்து வந்தது. ஸ்டெனெக் ஸ்வோலானெக் முதலானோர் கல்லைப் படுக்கவைப்பதை விட்டு நிமிர்த்திவைத்தார்கள்.

செய்முறை

தட்டையான பலகைக்கற்களை விளிம்பில் நிறுத்தி, ஒன்றையொன்று நெருக்கி, ஒரே திசையில் வரிசையாக, பாதிக்குமேல் மண்ணில் புதைக்க. கல்லுக்கும் கல்லுக்கும் இடைவெளி விரற்கடை அளவு. அதில் மணலும் சரளையும், பெயருக்குக் கொஞ்சம் மண்ணும் இட்டுக் குத்தி இறுக்குக. இளஞ்செடியின் வேரிலுள்ள நாற்றங்கால் மண்ணை முற்றிலும் அலசி, வேரை இடுக்கில் தொங்கவிட்டு, கற்சில்லுகளால் ஆப்படிக்க. கழுத்தைச் சுற்றிச் சரளை. சில வாரம் நிழல்.

இது பலிப்பதேன்? மழைநீர் கழுத்தில் நில்லாமல் கீழே இறங்கிவிடும். ஆழத்தில் கல்லின் பக்கங்களில் ஈரம் மெல்லியதாய்ப் படிந்திருக்கும். கல்லின் பருமன் வெப்பத்தை ஏறவும் விடாது, இறங்கவும் விடாது. ஈரத்தைத் தேடி வேர் கீழே ஓடும். தலை காய்ந்து கால் நனைந்திருக்கும் நிலை இது. மாப்பிள்ளை உபசாரத்தில்கூட இவ்வளவு நுணுக்கம் இல்லை.

தடையும் விடையும்

தடை: இரக்கப்பட்டுச் சிறிது உரம் வைத்தால் என்ன?
விடை: வைக்கலாம். செடி கொழுக்கும், மெத்தை தளரும், தளர்ந்த மெத்தைக்குள் ஈரம் தங்கும். மீதி உரிப்பொருளில் கூறப்பட்டது.

தடை: கூரைக்குள் வளர்க்கலாமே?
விடை: வளர்க்கிறார்கள். கியூ தோட்டத்தில் 2006இல் திறந்த டேவிஸ் ஆல்பைன் இல்லத்தில் ஏசி கிடையாது. தரைக்கடியிலுள்ள சுற்றுவழிகளில் காற்றை ஓடவிட்டுக் குளிர்விக்கிறார்கள். உத்தி கரையான் புற்றிலிருந்து கற்றது. வீட்டில் வளர்ப்போர் ஈரான் பாறைகளின் டயோனிசியாவை மண்சட்டியில் வைத்து, சட்டியை மணலில் புதைத்து, மணலுக்கு மட்டும் தண்ணீர் விடுவர். செடிமேல் ஒரு துளியும் படலாகாது. வாடிய பூக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவர். யாரும் கவனிக்காத மலைமுகட்டில் இச்செடி தானாகவே செய்துகொண்டது இவ்வளவும்.

தடை: அப்படியாயின் மலைக்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாமே? செலவும் குறைவு, செடியும் நலம்.
விடை: இத்தடை வலியது. ஆயினும் 1929இல் தோன்றிய ஆல்பைன் கார்டன் சொசைட்டி, தன் காட்சிகளில் தலைசிறந்த செடிக்கு ஃபேரர் பெயரால் பதக்கம் வழங்குகிறது. செடியை மேசைக்குக் கொண்டுவந்து வைத்தவருக்கே அது கிடைக்கும். ஆல்ப்ஸ் இதுவரை ஒரு காட்சிக்கும் விண்ணப்பித்ததில்லை.