மூணு பேருக்கு நாலு குளியலறை

வா கண்ணு, உக்காரு. ஜனம் பெருகிப் போச்சு, பூமி தாங்காதுன்னு டீக்கடையில பேசுனியாமா? காரு ஏசியை ஓட விட்டுட்டே பேசுனியாமா? படிச்சவன் சொன்னாச் செரியாத்தான் இருக்கும்.

ஆனாப் பாரு, செவுத்துல சிவப்பு முக்கோணம் வரைஞ்சு 'நாம் இருவர் நமக்கு இருவர்'னு எழுதுனாங்களே, நம்ம பொம்பளைங்க அதைக் கேட்டுட்டாங்க. பொட்டப் புள்ளைங்க பள்ளிக்கூடம் போச்சு, பொறந்த கொழந்தைங்க பொழச்சுக் கெடந்துச்சு. அப்புறம் ஏழெட்டு எதுக்கு? 2019-21ல எடுத்த குடும்பநலக் கணக்குல தமிழ்நாட்டுப் பொம்பளை ஒருத்திக்குக் கொழந்தை 1.8. இருக்கற ஜனம் கொறையாம நிக்கவே 2.1 வேணுமாமா. அந்தப் புள்ளி எட்டுக் கொழந்தை எவன் ஊட்டுல தவழுதுன்னுதான் எனக்கு வெளங்கல.

செரி, புள்ளைங்க கொறைஞ்சாங்க. தண்ணி மேல வந்திருக்கோணுமல்ல? எங்கய்யன் காலத்துல ஊடு நெறையக் கொழந்தைங்க, ஆனாலும் கெணறு வத்தல. கவலை இழுக்கற எருது களைச்சா, தண்ணி எறைக்கறதும் நின்னு போகும். மோட்டாருக்கு ஏது களைப்பு? காட்டுக்குக் கரண்டும் காசில்லைன்னு ஆச்சு. சும்மா வர்றதை அணைக்க எவனுக்கு மனசு வரும்? கெணறு வத்துச்சு, போர் போட்டோம். 300 அடி, 600 அடி, இப்ப 1000 அடி.

ஜனம் பெருகறது ஒண்ணுமில்லைன்னு சொல்ல வரல. 2022 நவம்பர்ல உலகத்துல 800 கோடி ஆச்சு, அத்தனை வாய்க்கும் சோறு வேணும். ஆனா ஆப்பிரிக்காவுல நைஜர்னு ஒரு நாடு. பொம்பளைக்குச் சுமாரா ஆறு கொழந்தை. நீ வையறது அந்த மாதிரி ஆளுங்களைத்தானே? அங்க ஒருத்தன் வருசத்துக்கு விடற கரிப்புகை ஒரு டன்னுல பத்துல ஒரு பங்குதான் இருக்கும். நம்ம நாட்டுல தலைக்குச் சுமாரா 2 டன். உம்பட மச்சான் இருக்கற அமெரிக்காவுல 14 டன்னாட்ட. மச்சானுக்கு ஒத்தைப் புள்ளை, அளவான குடும்பம்! அவன் ஒருத்தனுக்கு ஈடாப் புகை விட நைஜர்ல நூறு பேருக்கு மேல சேரோணும்.

நீ, பொண்டாட்டி, ஒரு பையன், நாலு குளியலறை. அடுத்த போர் 1200 அடியாமா? போடு கண்ணு. போர் வண்டி வர்ற அன்னிக்கு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியுடு. அத்தனை அடிக்குக் கீழ எந்த நைஜர்க்காரன் உக்காந்து நம்ம தண்ணியக் குடிக்கறான்னு நானும் எட்டிப் பாக்கோணும்.