ஐஎஸ்ஓ அண்ணை

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் லிப்ட் பழுதானால் ஆள் வர மூன்று நாள். லெப்டொப் பழுதானால் அன்று பின்னேரமே ஐஎஸ்ஓ அண்ணை வந்துவிடுவார். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி, காசு வாங்காமல். கழுத்துக் கயிற்றில் ஐந்து பென்ட்ரைவ். தோள்பையில் ஒரு பழைய உபுண்டு சீடி. 2011 வரை உலகம் முழுக்க இலவசமாகத் தபாலில் அனுப்பினார்களே, அது. திருநீற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

2025 ஒக்டோபர் 14இல் மைக்ரோசொப்ட் விண்டோஸ் 10ஐக் கைகழுவியதிலிருந்து அண்ணைக்கு ஓயாத அழைப்பு. எங்கள் மாமியின் லெப்டொப்புக்கு 11 ஏறாது. மாமியே லினக்ஸ் போட முயன்றுவிட்டா.

"பென்னில என்ன செய்தனீங்கள், அன்ரி?"

"இறக்கின ஃபைலைக் கொப்பி பண்ணினன், தம்பி. பெரிசு, ஏலாதெண்டுது. 16 ஜிபி பென்னிலயும் இடமில்லையோ?"

அண்ணையின் முகம் மலர்ந்தது. எஃப்ஏடி32 பென், 4 ஜிபிக்கு மிஞ்சிய ஒற்றை ஃபைலை விழுங்காது. உபுண்டுவோ கிட்டத்தட்ட 6.

"பேரன் வேறமாதிரி ஃபோர்மெட் பண்ணித் தந்தவன். கொப்பி ஆச்சு. ஆனா பூட் ஆகேல்லை."

"மாப் பையை அவிழ்க்காம நீத்துப்பெட்டிக்குள்ள வைச்சா பிட்டு அவியுமோ? ஐஎஸ்ஓ எண்டது முழு டிஸ்க்கின்ர அச்சு. அதைப் பென்னில எழுதோணும். சும்மா கொப்பி பண்ணி வைக்கப்படாது."

மாமிக்கு உடனே விளங்கிவிட்டது. அண்ணைக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். 1988இல் வந்த ஐஎஸ்ஓ 9660 தரத்திலிருந்து சொல்ல அவர் ஆயத்தமாக இருந்தார்.

எழுதிப் பார்த்தும் பாதியில் நின்றது. அடுத்தது ஷா256. ஃபைல் பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் 64 எழுத்து. இறங்கிய ஃபைலுக்கு வந்ததை அண்ணை வாசிக்க, உபுண்டு தளத்தில் பார்த்துத் தாளில் எழுதியதோடு ஒப்பிட்டு மாமி "ஓம்" சொல்லவேண்டும். அண்ணை தொண்டையைச் செருமி, "நாலு" என்றார்.

"இதில 'பி' எண்டு கிடக்கு."

முதலெழுத்திலேயே பிழை. நல்ல டொக்டருக்கு அரிய வருத்தக்காரன் கிடைத்தமாதிரி இருந்தது அவர் நின்ற நிலை. "டவுன்லோட் இடையில அறுந்திருக்கு! திரும்ப இறக்குவம்."

"உங்கட கழுத்தில அஞ்சு கிடக்கே. அதில ஒண்டைச் செருகினா என்ன?"

"அப்ப பிழை இதுதானெண்டு என்னெண்டு உறுதியாத் தெரியும், அன்ரி?"

இரவு டேட்டாவுக்காகப் பன்னிரண்டு மணிவரை இருந்தார். இடையில் இரண்டு பிளேன் ரீ, ஒரு தட்டு இடியப்பம். கடற்கரைப் பாதையில் கடைசி ரயிலும் போய்விட்டது. மறுபடி இறக்கி, 64க்கும் மாமியிடம் "ஓம்" வாங்கி, பென்னில் எழுதிச் செருகினார்.

ஒரு மணிக்கு முன் உபுண்டு எழும்பியது. வைஃபை பிடித்தது. சத்தம் வந்தது. கமராவில் மாமியின் முகம் தெரிந்தது.

அண்ணை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். எல்லாம் வேலை செய்தது. முகம் வாடிப்போய்ப் பையைத் தோளில் கொழுவி, வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அன்ரி, வீட்டில பிரிண்டர் ஏதும் கிடக்கோ?"