கடன் வாங்கிய சாமியின் ஊரில்

எங்கள் ஊரில் நடந்த கல்யாணத்துக்காகச் சாமியே கடன் வாங்கினார். ஆகாசராஜன் மகள் பத்மாவதியைக் கைப்பிடிக்கப் பணமில்லாமல், ஏழுமலையான் குபேரனிடம் ஒரு கோடியே பதினாலு லட்சம் ராமமுத்திரைப் பொன் வாங்கினார் என்றும், பிரம்மாவும் சிவனும் சாட்சி நின்றார்கள் என்றும் தல புராணம் சொல்கிறது. கலியுகம் முடியும்வரை வட்டி கட்டியாக வேண்டும். திருமலை உண்டியலில் விழும் ஒவ்வொரு காசும் அந்தக் கணக்குக்குத்தான் போகிறது என்று ஆயா சொல்லிச் சொல்லி நாங்கள் வளர்ந்தோம். கேட்பதும் கொடுப்பதும் எங்கள் ஊரின் ஆதிக் கதையிலேயே இருக்கிறது. அதனால்தான் இன்று எங்கள் தெருக்களில் பணம் கேட்கிற விதம் மாறிப்போனதைப் பார்க்கும்போது எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

எங்கள் ஊர் நாராயணவனம், புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் வழியாகப் பேருந்தில் வரலாம். ரயில் என்றால் திருத்தணியைத் தாண்டிப் புத்தூரில் இறங்க வேண்டும். 2022 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள், வீட்டுக்குள் ஒரு பேச்சு, கடைத்தெருவில் ஒரு பேச்சு என்று தமிழும் தெலுங்கும் கலந்த ஊர். கல்யாண வெங்கடேசுவரர் கோயிலில் கல்யாணத்துக்கு மாவரைத்ததாகச் சொல்லும் திருகைக் கல்லை இன்றும் காட்டுவார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது வாசலுக்கு வந்தவர்களுக்குப் பருவம் இருந்தது. மார்கழி முழுக்க ஹரிதாசு வருவார். தலையில் பூச்சுற்றிய செம்புப் பாத்திரம், ஒரு கையில் தம்பூரா, இன்னொரு கையில் சிப்ளாக்கட்டை. அவர் வாய் திறந்து எதையும் கேட்டதே இல்லை. ஹரி நாமத்தைப் பாடிக்கொண்டே வருவார். நாங்கள் முறத்தில் அரிசியோடு ஓடினால் தெருவிலேயே குனிந்து மண்டியிடுவார். எங்கள் கைக்கு எட்டும் உயரத்துக்குப் பாத்திரம் இறங்கி வரும். உள்ளே அரிசி விழும் சத்தம் அடங்கியதும் எழுந்து, பாட்டை விட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டு போவார். சங்கராந்திக்குச் சன்னாயி ஊதிக்கொண்டு கங்கிரெத்துக்காரர் மாட்டோடு வருவார். விடியுமுன் குடுகுடுப்பைக்காரர் வருவார். அவரைக் கண்டு எங்களுக்கு உதறல்தான். போர்வைக்குள் இருந்தபடியே கேட்போம். அவர் சொல்லும் வாக்குக்குப் பயந்து பழைய வேட்டியோ அரைப்படி அரிசியோ போடாத வீடு இல்லை. பயமுறுத்திக் கேட்பது அன்றும் இருந்தது. ஆனால் அவர் எந்த மாதம் வருவார், எதோடு திரும்பிப் போவார் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது.

கொடுக்க முடியாத நாளும் உண்டு. தறி ஓடாத மாதங்களில் எங்கள் வீட்டு அரிசிப் பானையின் அடி தெரியும். அப்போதும் ஆயா வாசலுக்கு வந்து முகம் பார்த்துப் பேசுவாள். "கை வேலையா கீறேன்பா, அப்பால வா" என்பாள். வந்தவருக்கு விஷயம் புரிந்துவிடும். "ஆகட்டும் தாயி" என்று அடுத்த வீட்டுக்கு நகர்வார். கொடுக்காதவளுக்கும் பெறாதவருக்கும் அதில் அவமானம் இருக்கவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. வருஷத்தில் ஒரு மாதம் நாங்களே பிச்சை எடுத்தோம். புரட்டாசிச் சனிக்கிழமை காலையில் அப்பா குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, நாமம் தீட்டிய பித்தளைச் சொம்போடு தெருவில் இறங்குவார். வாழ்நாளில் யாரிடமும் கைமாற்று வாங்காத மனுஷர். அன்று மட்டும் "கோவிந்தா" என்று வீடு வீடாகக் குரல் கொடுப்பார். பின்னால் நாங்கள். நெசவு முதலாளி வீட்டிலும் கேட்க வேண்டும், எங்களைவிட இல்லாதவர் வீட்டிலும் கேட்க வேண்டும். வரப்புச் சண்டையில் பேச்சு வார்த்தை நின்றுபோன வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது. அந்த வாசலில் அப்பா நின்றதும், அந்த வீட்டு அம்மா ஒன்றும் பேசாமல் இரண்டு கையாலும் அரிசியை அள்ளிச் சொம்பில் போட்டதும் என் கண்ணிலேயே இருக்கிறது. அந்த அரிசியில்தான் அன்றைய தளிகை. சில்லறைக் காசு திருமலை உண்டியலுக்குப் போகும். அடுத்தவர் வாசலில் நின்று குரல் கொடுத்துக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்தவர்கள் தங்கள் வாசலில் நிற்பவரிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

ஊரில் சுரைக்காய் சுவாமிகளின் சமாதியும் இருக்கிறது. தோளில் ஒரு கழி, அதில் சுரைக்குடுவைகள். அவற்றோடு பிச்சைக்குச் சுற்றித் திரிந்த சித்தர் அவர். 1902-ல் சமாதியானார். இன்று தமிழ்நாட்டிலிருந்து கார் காராக வந்து வணங்கிப் போகிறார்கள். பிச்சையெடுத்த ஒருவரைக் கும்பிட வருகிற வழியிலேயே, கண்ணாடியைத் தட்டும் கையைக் கண்டதும் ஜன்னலை ஏற்றிக்கொள்கிறோம்.

கடுமையாகக் கேட்பதற்கும் ஒரு நாள் இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் அந்தக் காலத்தை நான் பொய்யாகப் பூசி மெழுகியவனாவேன். திருப்பதியில் மே மாதம் தாத்தையகுண்டா கங்கம்மா ஜாத்திரை நடக்கும். பைராகி வேஷம், பண்ட வேஷம், தோட்டி வேஷம் என்று ஒவ்வொரு நாளைக்கு ஒன்று. வேஷம் கட்டியவர்கள் தெருவில் போகிறவரை வாய்க்கு வந்தபடி கெட்ட வார்த்தையில் வைவார்கள். வாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும், அது அம்மன் பெயரால் நடப்பது. எதிர்ப்பட்டவர் சிரித்துக்கொண்டே காசு போடுவார். ஜாத்திரை முடிந்த மறுநாள் அதே ஆள் கடையில் உட்கார்ந்து "வாங்கண்ணா" என்பார். வசவுக்கு ஒரு வாரம்தான் ஆயுள்.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். சென்னையிலிருந்து ஊருக்குப் போகும் ரயிலில், அரக்கோணத்துக்கும் புத்தூருக்கும் நடுவில், கைதட்டும் சத்தம் கேட்டதும் பெட்டியே தலையைக் குனிந்துகொள்ளும். எல்லோர் கண்ணும் செல்போனில். ஒரு மாலை என் எதிரில் ஒரு கல்லூரிப் பையன். திருநங்கை ஒருவர் வந்து "தம்பி" என்றார். அவன் நிமிரவில்லை. காதருகே கைதட்டினார். நிமிரவில்லை. தலையில் கைவைத்தார். அவன் விரல் மட்டும் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. "நான் என்னா செவுரா? மூஞ்சிய பாத்து இல்லேன்னு சொல்லுடா!" என்று அவர் போட்ட கூச்சலில் பக்கத்துப் பெட்டிக் குழந்தை அழத் தொடங்கியது. பையன் நடுங்கும் கையால் ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினான். அவர் அதைப் பிடுங்கிக்கொண்டு போனார். இருவர் முகமும் கறுத்திருந்தது.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயந்துவிட்டான், பயப்பட நியாயமும் இருந்தது. தனியாக வரும் பெண்களுக்கு அந்தப் பயம் இன்னும் பெரிது. ஆனால் அந்தத் திருநங்கை கேட்டதும் எனக்கு நியாயமாகவே பட்டது. பெற்ற வீடு துரத்தி, வேலைக்கு எடுப்பார் இல்லாமல், பெட்டி பெட்டியாக நடப்பவரை நூறு பேர் இல்லாத ஆளாக நடத்தினால் குரல் ஏறத்தான் செய்யும். "அக்கா, இன்னைக்கு இல்லக்கா" என்று முகம் பார்த்துச் சொன்னால் தலையைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுபவர்களே நான் பார்த்ததில் அதிகம். ஆயா வாசலில் செய்ததுதான் அது. எல்லா நேரமும் பலிக்காது. நாலு பேர் சேர்ந்து வழியை மறித்தாலோ, சேலையைத் தூக்குவேன் என்று மிரட்டினாலோ வாதாடிக்கொண்டு நிற்காமல் ஆட்கள் இருக்கும் பக்கம் நகர்ந்துவிட வேண்டும். ரயிலில் 139, வெளியே 112. இதில் தயக்கம் வேண்டாம். பயமுறுத்திப் பிடுங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவில் வரும் குற்றம், யார் செய்தாலும்.

யார் செய்தாலும் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்று எங்கள் பக்கம் மிகக் கடுமையாகக் கேட்பவர்கள் பசித்தவர்கள் அல்லர். விநாயக சவிதி, அதாவது விநாயகர் சதுர்த்தி, நெருங்கும்போது சாலையின் குறுக்கே கயிறு கட்டுகிறார்கள். நல்ல சட்டை, நல்ல வண்டி, கையில் ரசீதுப் புத்தகம், கழுத்தில் தொங்கும் கியூஆர் அட்டை. சில்லறை இல்லை என்ற சாக்கும் போயிற்று. சந்தா கொடுக்காமல் கயிறு இறங்காது. வண்டிக்குள் பிள்ளைத்தாய்ச்சி இருந்தாலும் பேரம் நடக்கும். இதை யாரும் பிச்சை என்று சொல்வதில்லை, போலீசுக்கும் போன் போவதில்லை.

கல்யாணம் இன்னொன்று. பத்மாவதிக்கு நடந்த ஊரில் தாலி கட்டினால் நல்லது என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். முகூர்த்த நாளில் மண்டப வாசலில் திருநங்கைகள் ஒரு கூட்டம் மாறி ஒரு கூட்டமாக நிற்பார்கள். ஆசீர்வாதம் செய்ய வந்தோம் என்பார்கள். ஆயிரத்தில் தொடங்கி ஐயாயிரம் என்பார்கள். மறுத்தால் மணமக்கள் காதில் விழும்படி சாபம். பெண்ணின் அப்பா கந்துவட்டிக்கு வாங்கிய பணத்திலிருந்து எண்ணிக் கொடுப்பார். இதற்கு ஒரு வழி சில குடும்பங்களில் பார்த்தேன், நன்றாக இருந்தது. முகூர்த்தத்துக்கு முன்னாலேயே அந்தப் பக்கத்துத் திருநங்கைகளில் மூத்தவரைப் போய்ப் பார்த்து, பத்திரிகை வைத்து, இவ்வளவுதான் முடியும் என்று பேசிவிடுகிறார்கள். அன்று அவர்கள் வந்து, தட்டு எடுத்து வாழ்த்தி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிறார்கள். வேறு கூட்டம் வந்தால் அவர்களே திருப்பி அனுப்புகிறார்கள்.

சட்டம் பிடிப்பது வேறு ஆட்களை. 1945-ல் சென்னை மாகாணம் பிச்சை எடுப்பதைத் தடுக்கச் சட்டம் போட்டபோது எங்கள் ஊர் அந்த மாகாணத்தில் இருந்தது. 1977-ல் ஆந்திரம் தனக்கென ஒரு தடைச் சட்டம் கொண்டுவந்தது. 1989 ரயில்வே சட்டத்தின் 144-ஆம் பிரிவும் ரயிலில் பிச்சை எடுப்பதைத் தடுக்கிறது. 2017 நவம்பரில் ஐதராபாத்தில் உலகத் தொழில்முனைவோர் மாநாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து இவாங்கா டிரம்ப் வருகிற நேரத்தில் தெருவிலிருந்தவர்களை வாரிக்கொண்டு போய் அடைத்தார்கள். 2025 தொடக்கத்திலிருந்து இந்தூரில் பிச்சை போடுபவர்மீதும் வழக்கு. டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில், பிழைக்க வழியில்லாதவனைக் குற்றவாளியாக்க முடியாது என்று, டெல்லியில் அமலில் இருந்த பம்பாய்ப் பிச்சைத் தடைச் சட்டத்தின் பிரிவுகளை ரத்து செய்தது. 2021-ல் உச்ச நீதிமன்றமும், வேறு வழி இருந்தால் யாரும் கையேந்த மாட்டார்கள், மேட்டுக்குடிப் பார்வை பார்க்க முடியாது என்ற பொருளில் சொல்லி, தடை கேட்ட மனுவை ஏற்கவில்லை. எனக்கு இந்த இரண்டு தீர்ப்புகளும் பெரிய ஆறுதல். ஆனால் துரத்துகிற நாளில் பிடிபடுபவர் கோயில் மதிலோரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் கிழவியாகத்தான் இருக்கிறார். கயிறு பிடித்தவன் பிடிபட்டதை நான் கண்டதில்லை.

செய்ய முடிந்தவை இல்லாமல் இல்லை. 2024 ஜூலையிலிருந்து ஆந்திரத்தில் முதியோர், விதவைகள், வயதான நெசவாளர்கள், திருநங்கைகள் எல்லோருக்கும் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை. ஒன்றாம் தேதி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எங்கள் தெருவில் அந்தப் பணம் வந்தபின் சில முதியவர்கள் கையேந்துவதை விட்டுவிட்டார்கள், கண்ணால் பார்க்கிறேன். விடுபட்டவர்கள் எல்லைக்காரர்கள். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திரப் பக்கம். அங்கே முதியோர் தொகை 1,200 ரூபாய். திருத்தணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து பல காலமாக எங்கள் ஊரிலேயே இருக்கும் ஒரு மூதாட்டிக்கு இரண்டும் இல்லை. ஆதாரில் முகவரி தமிழ்நாடு, ஆள் இருப்பது ஆந்திரம். இங்கே கேட்டால் அங்கே போ என்கிறார்கள், அங்கே கேட்டால் நீ இந்த ஊரில் இல்லையே என்கிறார்கள். முகவரியை மாற்ற இங்கே குடியிருப்பதற்கு ஒரு சான்று வேண்டும், வாடகை ரசீது இல்லாத திண்ணைக்கு யார் சான்று தருவது? அவர் படுப்பது எங்கள் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை. கையெழுத்துப் போட்டுத் தருவதாக வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் அந்தத் தாளோடு மூதாட்டியை அழைத்துக்கொண்டு போகப் போகிறேன்.