தம்புராவை இரைச்சல்னு தள்ளுற பொட்டி

வா தம்பி, உக்காரு. பொண்ணுக்குத் திருவையாறு இசைக் கல்லூரியில வாய்ப்பாட்டுக்கு எடம் கெடச்சிருச்சாமே, சந்தோசம். அதோட நீ ஒண்ணேகால் லட்சத்துக்கு லேப்டாப் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்னும் காதுல விழுந்துச்சு. அதான் வயித்தக் கலக்குது. உன் வயித்த இல்ல, என் வயித்த. கையில கொறஞ்சா கடன் கேக்க நேரா இந்தத் திண்ணைக்குத்தானே வருவே?

"பெரியப்பாவுக்கு லேப்டாப்பப் பத்தி என்ன தெரியும்"னு உன் மூஞ்சியிலேயே எழுதியிருக்கு. தாராசுரத்துல தறிக்குழியில எறங்கினவன்கிட்ட கம்ப்யூட்டர் பெருமை பேசாதேங்கறேன். தறி மேல ஜக்கார்டு பொட்டி இருக்கே, அதுல என்ன ஓடுது? ஓட்டை போட்ட அட்டை. ஓட்டை இருந்தா இழை மேல போவும், இல்லேன்னா கீழ கெடக்கும். அதக் கொண்டாந்தவரு பிரான்சு தேசத்து ஜக்கார்டு, 1804-ல. அதப் பாத்துட்டுத்தான் பாபேஜுன்னு ஒரு இங்கிலீசுக்காரரு, தான் வரைஞ்ச கணக்கு மிசினுக்கும் அட்டை வைக்கலாம்னாரு. அந்த வகையில உன் லேப்டாப்பு எங்க தறிக்குப் பேரன் முறை. அதனால தறிக்காரன் நாலு வார்த்தை பேசலாம்.

சரி, எந்தப் பொட்டி பாத்தே? கேமிங் லேப்டாப்பா! சாவிப்பலகை செவப்பும் பச்சையுமா எரியுமே, அதுவா? நம்ம ஊரு பூப்பல்லக்கு நாளைக்கு உதவும். பொண்ணு அதுல சண்டை வெளையாட்டா வெளையாடப் போவுது? தோடி பாடப் போவுது. ரெண்டு, ரெண்டரை கிலோ எடை. அத முதுகுல மாட்டிக்கிட்டுத் தெனம் திருவையாறு பஸ்சுல ஏறி எறங்கணும். பேட்டரி மத்தியானமே கண்ண மூடிரும். அதெல்லாம் போவட்டும், உள்ளாற இருக்கிற காத்தாடிதான் பெரிய வில்லன். கொஞ்சம் வேலை குடுத்தா 'ஸ்ஸ்ஸ்'னு கெளம்பும். பொண்ணு பக்கத்துல உக்காந்து ஆலாபனை பண்ணிப் பதிவு பண்ணினா, ராகத்துக்குக் கீழ அந்தக் காத்தாடியும் ஒரு சுருதி புடிச்சுக்கிட்டே இருக்கும். அது எத்தனை கட்டைன்னு எந்த வாத்தியாராலயும் சொல்ல முடியாது.

இன்னொரு வேடிக்கை கேளு. இந்தப் பொட்டிங்களுக்கு இரைச்சல அடக்குற புத்தி ஒண்ணு வச்சிருக்கான். பக்கத்து வூட்டு மிக்சி, ஃபேனு சத்தமெல்லாம் ஒரே மாதிரி விடாம ஓடுதுல்ல, அத இரைச்சல்னு கண்டுபுடிச்சு வெட்டிரும். விடாம ஓடுற சத்தம் வேற எது? தம்புரா! பொண்ணு ஜூம்ல குருவுக்குப் பாடிக் காட்டுறப்போ, தம்புராவையும் ஃபேன் கணக்குல சேத்து அமுக்கிரும். அந்தப் பக்கம் குரு, "எங்கேம்மா சுருதி?"ம்பாரு. இந்தப் பக்கம் புள்ள முழிக்கும். இதுக்கு லட்ச ரூவா மருந்து கெடையாது. ஜூமுக்குள்ளாறயே பாட்டுக்காரங்களுக்குன்னு 'ஒரிஜினல் சவுண்டு'ன்னு ஒரு பொத்தான் இருக்கு, அத அமுக்கினா வெட்ட மாட்டான். காசு? காலணா இல்ல.

அந்தப் புள்ளைக்கு உண்மையில என்ன வேலைன்னு ஒரு தரமாவது கேட்டியா? நான் கேட்டேன். குரு பாடின கீர்த்தனைய மெதுவா ஓடவிட்டு சங்கதி பொறுக்கணுமாம். ஆடாசிட்டின்னு ஒண்ணு சும்மாவே கெடைக்குது. வேகத்த மட்டும் கொறைக்கும், சுருதி அப்படியே நிக்கும். வாத்தியாரு ஒரு கட்டையில பாடியிருக்காரு, நம்ம பொண்ணு அஞ்சு கட்டை. சுருதிய மட்டும் ஏத்தவும் எறக்கவும் அதுலயே வழி இருக்கு. ரொம்ப ஏத்தினா வாத்தியாரு கொரலு கிளிக்குஞ்சு ஆயிரும், அத வெளியில போட்டுக் காட்ட வேண்டாம்னு சொல்லிவை. அப்புறம் தமிழ்ல கட்டுரை அடிக்கணும், சபாவுக்கு அனுப்ப வீடியோ வெட்டி ஒட்டணும். அவ்வளவுதான் கூத்து. இதுக்கு 16 ஜிபி ராம் இருந்தா தாராளம். 8 இருந்தாலும் ஓடும், வீடியோ வெட்டுறப்போ மட்டும் கொஞ்சம் மொணங்கும்.

எடந்தான் பத்தாது. நல்ல தரத்துல, 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டுங்கறானே, அதுல ரெண்டு பக்கமும் பதிவு பண்ணினா ஒரு மணி நேரக் கச்சேரி ஒரு ஜிபிய முழுங்கும். வீடியோ அதவிடப் பகாசுரன். 512-க்குக் கொறயாத எஸ்.எஸ்.டி. கேளு. கூடவே வெளியில ஒரு டிஸ்க்கு வாங்கி, பதிவு பண்ணினத எல்லாம் அதுலயும் ஒரு நகல் போட்டு வைக்கச் சொல்லு. கரண்டு போயிப் போயி வர்ற ஊருல ஒரே எடத்துல பாட்டு வச்சிருக்கிறவன் தைரியசாலி.

மடக்கினா பலகை, விரிச்சா லேப்டாப்புன்னு விக்கிறானே, அதையும் பாத்தியாமே. நம்ம ஐராவதேசுவரர் கோயில்ல யானையும் காளையும் ஒரே தலைய வச்சுக்கிட்டு நிக்கிற சிற்பத்த எத்தன தடவ பாத்திருப்பே. இந்தப் பக்கம் மறைச்சா காளை, அந்தப் பக்கம் மறைச்சா யானை. ரெண்டாம் ராஜராஜன் காலத்து சிற்பி கல்லுல செஞ்ச வித்த அது, 2004-ல யுனெஸ்கோக்காரன் வந்து பட்டியல்ல சேத்துட்டுப் போனான். கடைக்காரன் செய்யுற வித்தைக்குக் கீலு ரெண்டு வருசம் தாங்குமான்னு முதல்ல கேளு. பாட்டுப் புள்ளைக்கு ஸ்வரத்தாளப் பலகையில விரிச்சு வச்சுப் பாடுறது வசதிதான், ஒத்துக்கறேன். அந்த வசதிக்குக் கேக்குற வெல கூடுதல்.

கடிச்ச ஆப்பிள் படம் போட்டதா? அதுல ஏர்னு ஒண்ணு, 2020 கடைசியிலேருந்து காத்தாடியே கெடையாது. சத்தமில்லாமப் பதிவு பண்ண அத மாதிரி வராது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனா நெனவகம் வாங்குறப்போ எவ்வளவோ அவ்வளவுதான், பின்னாடி ஒரு ஜிபி கூடச் சேக்க முடியாது. நாடகம் படிக்கிற பசங்க 'க்யூலேப்'னு ஒண்ணு அதுல மட்டுந்தான் ஓடும்ங்கறாங்க, மேடையில சத்தமும் வெளிச்சமும் நேரத்துக்கு விட. மேலட்டூர்ல விடிய விடிய பாகவத மேளா நடத்துறாங்களே, அங்க நரசிம்மர் வர்றதுக்கு யாரும் பொத்தான் அமுக்கினதாத் தெரியல. உன் பொண்ணு நாடகம் படிக்கல. விடு.

சிரிக்காதே, இப்ப சொல்லப்போறதுதான் முக்கியம். பழசு வாங்கு. மூஞ்சிய ஏன் சுளிக்கிறே? நரசிங்கன்பேட்டையில நாகசுரம் எதுல செய்யறாங்க? ஆச்சா மரம். அதுவும் புதுசா வெட்டின மரம் இல்ல. இடிச்ச பழைய வூட்டுத் தூணு, உத்தரத்துல கெடைக்கிற, வருசக்கணக்கா காஞ்சு ஈரம் செத்த கட்டை. புது மரத்துல கடைஞ்சா வெடிச்சிரும். அந்த நாகசுரத்துக்குத்தான் 2022-ல புவிசார் குறியீடு குடுத்தான். ஆபீசுலேருந்து கழிச்சுவிட்ட நல்ல கம்பெனி லேப்டாப்ப, பேட்டரி மாத்தி, எஸ்.எஸ்.டி. போட்டு, ரசீதும் வாரண்டியும் குடுத்து விக்கிறவன் இருக்கான். புதுசுல பாதி வெலைக்கும் கீழ வரும். ரசீது இல்லாம விக்கிறவன் வாசல்ல மட்டும் ஏறாதே.

மிச்சப்படுற காசுல எத வாங்கணும்? மைக்கு. லேப்டாப்புக்குள்ளாற இருக்கிற மைக்கு, பேசுறதுக்குப் பண்ணினது. பொண்ணு தாரஸ்தாயியில நின்னா கொரலு கிழிஞ்சுதான் பதிவாவும். யு.எஸ்.பி. மைக்கு நல்லதா ஒண்ணு, அதோட ஒயரு வச்ச ஹெட்போன் ஒண்ணு. ஒயரு வேணும்ங்கறேன். புளூடூத்துல சத்தம் ஒரு நொடிப்பொழுது பிந்தி வரும், பாட்டு கேக்க அது போதும், தாளம் போட்டுப் பாட ஒதவாது. கடையில வாங்குறப்போ ஹெட்போன் மாட்ட ஓட்டை இருக்கான்னு பாரு. சில ஒல்லிப்பிச்சான் பொட்டியில அதையும் அடைச்சுட்டான்.

இன்னொண்ணு. நம்ம மாநில சர்க்காரு 2025 பட்ஜெட்டுல, ரெண்டு வருசத்துல 20 லட்சம் காலேஜ் புள்ளைங்களுக்கு லேப்டாப்போ கைக்கணினியோ தர்றதா சொல்லுச்சு. பொண்ணு பேரு அந்தப் பட்டியல்ல வருமான்னு காலேஜ் ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டியா? கேக்கல. கேட்டா ஒண்ணேகால் லட்சம் செலவழிக்கிற பெருமை போயிருமேன்னு பயம்! அது வந்துச்சுன்னா முதல் வருசம் ஓட்ட அதுவே போதும். மைக்கும் டிஸ்க்கும் மட்டும் வாங்கிக் குடு.

திங்கக்கெழமை ஆபீசுல கேட்டுட்டு வா. இல்லேன்னு சொன்னா செவ்வாக்கெழமை கும்பகோணம் கடைக்கு நானும் வரேன். போறப்போ பொண்ணையும் கூட்டிக்கிட்டு வா, பாடப்போறது அது. டிகிரி காப்பி உன் செலவு.