பால் பத்தலையாம்ல!

ஏத்தா, புள்ள பெத்து மூணு நாள்கூட முழுசா முடியல, அதுக்குள்ள பாக்க வந்தவளுக பூராம் "பால் பத்துதா? புள்ள ஏன் இப்பிடி அழுவுது?"ன்னு கேட்டுட்டாளுகளாக்கும். கேட்டவ காப்பியக் குடிச்சுட்டுப் போயிட்டா. நீ ராத்திரி பூரா மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்குற.

அப்பத்தா சொல்றதக் கேளு. பொறந்த புள்ளைக்கு மொத நாள் ஒரு வாட்டிக்கு ஒண்ணு, ஒண்ணரைத் தேக்கரண்டிப் பாலு போதும். மஞ்சளா, கெட்டியா, கொஞ்சூண்டு வருதே சீம்பாலு, அதுவே அதுக்கு விருந்து. மாட்டுச் சீம்பால்னா வெல்லம் போட்டுக் கிண்டி நாலு வீட்டுக்குக் குடுப்போம். பெத்தவ சீம்பாலை மட்டும் பீச்சிக் கீழ ஊத்தச் சொல்லுவோம். எங்க காலத்துப் புத்தி அம்புட்டு!

சேனை வைக்கணும்னு ஒரு பெருசு தேன் கிண்ணத்தோட வந்து நிக்கும். தேனைத் தொட்டு வைக்கிற வெரலைச் சப்புனா அந்த ஆளு கொணம் புள்ளைக்கு வருமாம். கொணம் வருதோ இல்லியோ, நகத்து அழுக்கு கட்டாயம் வரும். ஒரு வயசு முடியிறமட்டும் தேன் ஆகவே ஆகாது. 6 மாசம் வரைக்கும் தாய்ப்பாலத் தவிர தண்ணிகூட வேணாம்.

தண்ணி புள்ளைக்குத்தான் வேணாம்னேன், உனக்கில்ல. நீ குடிச்சா புள்ளைக்குச் சளி புடிக்கும்னு ஒம் மாமியா சொம்பை ஒளிச்சு வச்சா கோவிச்சுக்கிடாத. அவ மாமியா அவளுக்குச் செஞ்சத அவ யார்கிட்டதான் தீத்துக்கிடுவா? நீ எந்திரிச்சுப் போயி மோந்து குடி. பால் ஊறும்னு சுறாப் புட்டு குடுத்தா ருசிக்குத் தின்னு. பாலைக் கூட்டுறது என்னமோ புள்ள வாயிதான். ராவும் பகலுமா 8லருந்து 12 வாட்டி குடிக்க விடு. அஞ்சாம் நாளுக்கு மேல தெனம் 6 துணி நனைச்சா, எடையும் ஏறுனா, பத்துதுன்னு அர்த்தம். அப்பவும் எவளாச்சும் கேட்டா, ஈரத்துணி அம்புட்டையும் அவ மடியில போடு. அலசிக் குடுத்துட்டுப் போகட்டும்.

அயலாள் மடியில கை வச்சா பசு பாலை அடக்கிக்கிடும். சுத்தி நாலு பேரு உக்காந்து குறை சொன்னா உனக்கு மட்டும் எப்பிடிச் சுரக்கும்? கதவைச் சாத்திக்க.

புள்ள காம்பை மட்டும் கவ்வுனா காம்பு வெடிச்சுப் போகும். நல்லா "ஆ"ன்னு வாயத் தொறக்க விடு. காம்பைச் சுத்தி இருக்குற கருவட்டத்துல கீழ்ப்பக்கம் நெறைய உள்ள போகணும், தாடை மார்ல ஒட்டணும். நீ குனியாத, புள்ளைய மார்கிட்டக் கொண்டா. வலியைப் பொறுக்குறதுதான் தாய்மைன்னு எவனாச்சும் சொன்னா, அவன் பெத்தவனா இருக்க மாட்டான்.

மார்ல ஒரு பக்கம் கெட்டிச்சு, செவந்து, குளுருக் காய்ச்சல் வந்தா பால் கட்டிக்கிச்சுன்னு அர்த்தம். உடனே ஒருத்தி எண்ணெய்க் கிண்ணத்தோட அமுக்கிப் பிசைய வருவா. கிட்ட விடாத, வீக்கம் கூடும். குளுந்த தண்ணியில துணிய நனைச்சுப் போடு. பால் குடுக்குறத நிப்பாட்டாத, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு நாள்ல காய்ச்சல் எறங்கலேன்னா ஆசுபத்திரிக்குக் கெளம்பு. மல்லியப்பூவ வச்சுக் கட்டச் சொல்லுவாளுக. அது பாலை வத்தடிக்கச் செய்யிற கைவைத்தியம்டி, கூறு கெட்டவளே!

இதுல மட்டும் வெளையாட்டில்ல: மார்ல ஒரு கட்டி ரெண்டு வாரமாகியும் கரையாம நின்னா டாக்டர்கிட்டக் காட்டு. பால் குடுக்குறவளுக்குப் புத்துநோய் வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்கல.

அப்பறம் ஒம் புருசன். பாவம், புள்ள ரெண்டு வாட்டி அழுததுக்கே பவுடர் டப்பாவோட வந்து நிக்கிறான். புள்ளப் பவுடருக்கு வெளம்பரமே கூடாதுன்னு 1992லயே சர்க்காரு சட்டம் போட்டாச்சு. அந்த வெளம்பரம் இப்ப நம்ம திண்ணையில உக்காந்து ஓசிக்கு நடக்குது. டாக்டர் எழுதிக் குடுத்தா வாங்கட்டும்; திண்ணைப் பேச்சுக்கெல்லாம் வாங்க வேணாம். அவனுக்குப் பாலுதான் வராது, கை இருக்குல்ல? ராத்திரி துணிய மாத்தட்டும். புள்ளையத் தோள்ல போட்டு ஏப்பம் விட வைக்கட்டும். மாட்டேன்னா என்னையக் கூப்பிடு, நான் வந்து பேசிக்கிடுறேன்.